தமிழில் மாய நாயகர்கள்: படக்கதைகளும் அமானுஷ்யத் தொலைக்காட்சித் தொடர்களும்

தமிழில் மாய ஆற்றல் கொண்ட நாயகர்களின் கதைகள் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வடிவங்களில் பரவலாக வாசகர்களையும் பார்வையாளர்களையும் சென்றடைந்தன. ஒன்று, சித்திரக்கதை அல்லது காமிக்ஸ் எனப்படும் படக்கதை இதழ்கள். மற்றொன்று, அமானுஷ்யத்தை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள். முதல் வடிவம் 1970கள் முதல் 1990கள் வரையிலும், இரண்டாவது வடிவம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அடுத்த பத்தாண்டுகளிலும் செல்வாக்குடன் இருந்தன. இவை இரண்டும் தனித்தனியாகவே பேசப்பட்டு வந்துள்ளன. ஆனால் சட்டமும் காவலும் எட்டாத இடத்தில் நீதி வழங்க வரும் மறைவான ஒருவர் என்ற கரு இரண்டுக்கும் பொதுவானது. அவற்றின் வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த நாயகர்களைத் தமிழ் வாசகர்கள் ஏன் எளிதில் ஏற்றுக்கொண்டார்கள் என்பது விளங்குகிறது.

முன்னோடிகள்

தமிழில் படத்துடன் கூடிய மாயக்கதைகளுக்கு அம்புலிமாமா இதழ் முக்கியமான தொடக்கம். பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து இதைத் தொடங்கினர். இதில் வெளிவந்த விக்கிரமாதித்தன் – வேதாளம் கதைகள், பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் உள்ள இருபத்தைந்து கதைகளின் சட்டகத்தைக் கொண்டவை. மூலக்கதைகள் தீர்ந்த பிறகும் அதே சட்டகத்தில் புதிய கதைகள் பல ஆண்டுகள் எழுதப்பட்டன. உருவிய வாளுடன் பிணத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் மன்னனின் ஓவியத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். கே. சி. சிவசங்கரன் என்பது அவரது இயற்பெயர். அவர் 2020 செப்டம்பரில் தமது 97ஆம் வயதில் மறைந்தார்.

தினத்தந்தி நாளிதழில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு, இரண்டாவது முன்னோடி. மந்திரவாதி மூசாவால் சிறு உருவமாக மாற்றப்பட்ட இளவரசி லைலாவை மீட்க அலையும் சிந்துபாத்தின் பயணம் இது. நாளொன்றுக்குச் சில கட்டங்கள் என்ற அளவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவருகிறது. முடியாத ஒன்றைக் குறிக்க 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் வழக்கு, இத்தொடர் மக்கள் பேச்சில் பெற்ற இடத்தைக் காட்டுகிறது.

இவ்விரண்டும் அச்சில் வருவதற்கு முன்பே உருமாற்றமும் வரம்புகடந்த ஆற்றலும் தமிழ் மரபில் நிலைபெற்றவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சிங்கப்பெருமாள் கோவில், பாடலாத்ரி நரசிம்மருக்கான குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மனிதனும் விலங்கும் அல்லாத, பகலும் இரவும் அல்லாத வேளையில் தோன்றிய உருவம் நரசிம்மம். இங்குள்ள மூலவருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் தீபாராதனை காட்டும்போது அதைப் பக்தர்கள் காணலாம். வழிபாட்டுக்குரிய இந்த உருவத்துக்கும் படக்கதை நாயகனுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் விதிகளின் இடைவெளியில் நுழைந்து கொடியவனை அழிக்கும் ஒருவரைக் கற்பனை செய்ய, இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

வேதாளன் என்ற பெயர்

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1934இல் மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியையும், 1936இல் ஃபேண்டம் என்ற முகமூடி வீரரையும் உருவாக்கினார். சூப்பர்மேன் தோன்றியது 1938இல். எனவே உடலை ஒட்டிய உடையும் முகமூடியும் அணிந்த நாயகர்களில் ஃபேண்டம் மூத்தவர். இந்தியாவில் இவரை முதலில் அறிமுகப்படுத்தியது இல்லஸ்டிரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா. பின்னர் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிட்டது. கதை நிகழும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால் அது டென்காலி என மாற்றப்பட்டது. கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயராக இருந்த 'சிங்' என்பதும் 'சிங்கா' ஆனது.

ஃபேண்டமுக்கு மாய ஆற்றல் எதுவும் கிடையாது. தந்தைக்குப் பின் மகன் என இருபத்தொரு தலைமுறைகள் அதே உடையை அணிவதால், அவர் சாவற்றவர் என்று காட்டுவாசிகள் நம்புகிறார்கள். வாசகருக்கு உண்மை தெரியும். கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழில் இவருக்கு வேதாளன், வேதாளர் என்ற பெயர்கள் வழங்கின. அம்புலிமாமாவின் வேதாளத்தை அறிந்த தலைமுறைக்கு இந்தப் பெயர் பேயையும் காவலனையும் ஒரே சொல்லில் இணைத்தது. பின்னர் ராணி காமிக்ஸ் இவரை மாயாவி என அழைத்தது. இதனால் தமிழ்ப் படக்கதை உலகில் மாயாவி என்ற பெயரில் இருவர் உண்டாயினர்.

முத்து காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியும்

இரண்டு மாயாவிகளில் மூத்தவர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியைச் சேர்ந்த எம். சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, அதன் முதல் இதழின் நாயகன் இவரே. தொடக்கக் காலத்தில் இதழின் ஆசிரியப் பணியில் முல்லை தங்கராசன் முக்கியப் பங்காற்றினார். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களுக்கான லேபிள்களை அச்சிட்டு வளர்ந்த சிவகாசியின் அச்சகத் தொழில், படக்கதை இதழ்களுக்கு ஏற்ற சூழலாக அமைந்தது.

இரும்புக்கை மாயாவியின் மூலம், 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த தொடர். கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் டாம் டல்லி எழுத்துப் பொறுப்பை ஏற்றார். ஆய்வகப் பணியாளரான லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து, எஃகுக் கை பொருத்தப்பட்டவர். மின்சாரம் பாயும்போது அவர் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் தன் ஆற்றலைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் அவர், பின்னர் நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஏஜென்டாக மாறுகிறார்.

பிளாஸ்கோவின் கோட்டோவியங்கள் அடர்ந்த கறுப்பு நிழல்களைக் கொண்டவை. பிரிட்டனில் வாரம் சில பக்கங்களாக வந்த கதை, தமிழில் ஒரே புத்தகமாகத் தொகுக்கப்பட்டது. வாரக் கணக்கில் நீண்ட காத்திருப்பு ஒரே அமர்வின் வேகமாக மாறியது. சில பக்கங்களுக்கு ஒருமுறை வரும் திடீர்த் திருப்பங்களுக்கு இதுவே காரணம்.

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியுடன், துப்பறியும் லாரன்ஸ் – டேவிட் இணையும் ஜானி நீரோவும் வாசகர்களால் 'மும்மூர்த்திகள்' என அழைக்கப்பட்டனர். பிரிட்டிஷ் மூல இதழ்கள் பொதுவாகப் படைப்பாளிகளின் பெயர்களை அச்சிடுவதில்லை. ஆகவே தமிழ் வாசகர்களுக்கும் பிளாஸ்கோவின் பெயர் நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. ஓவியத்தை நேசித்தவர்களுக்கு ஓவியர் யாரென்று தெரியவில்லை.

1984: லயன், ராணி, திகில்

1984 ஜூலை தமிழ்ப் படக்கதை வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாதம். சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸை அம்மாதம் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசி என்ற பெண் நாயகியின் சாகசம். அதே மாதத்தில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை ஜேம்ஸ் பாண்ட் கதையுடன் தொடங்கியது. அ. மா. சாமி அதன் ஆசிரியர். அதே ஆண்டில் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பூந்தளிரும் வெளிவரத் தொடங்கியது.

லயன் காமிக்ஸுக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தவர் ஸ்பைடர். இவருக்கும் மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேனுக்கும் தொடர்பில்லை. பிரிட்டனின் லயன் வார இதழில் 1965இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்த தொடர் இது. கூர்மையான காதுகளும் கறுப்பு உடையும் கொண்ட ஸ்பைடர், குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பியவர். பிற்பாடு குற்றவாளிகளுக்கு எதிராகத் திரும்புகிறார். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னர் இத்தொடரை எழுதினார். அமெரிக்காவின் முதல் மாய நாயகனைப் படைத்தவரின் எழுத்து, பிரிட்டன் வழியாகச் சிவகாசிக்கு வந்து, படித்தவர்களுக்கே அவர் யாரென்று தெரியாமல் தமிழில் வாசிக்கப்பட்டது. இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதே பிரிட்டிஷ் லயன் இதழிலிருந்து வந்தவர்தான். தமிழ் வாசகர்கள் அவருக்குச் 'சட்டித்தலையன்' என்று செல்லப்பெயர் வைத்தனர்.

1980களின் நடுப்பகுதியில் லயன் குழுவிலிருந்து வெளிவந்த திகில் காமிக்ஸ், பேய்க்கதைகளுக்கெனத் தனி இடம் ஒதுக்கியது. கறுப்புக் கிழவி சொல்லும் கதைகள் அதில் வரவேற்பைப் பெற்றன. கிழவி ஒருத்தி கதை சொல்லிப் பயமுறுத்துவது தமிழ்ச் சிறுவர்களுக்குப் புதிதல்ல. இறக்குமதியான வடிவம் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தது போன்றது அது.

தொலைக்காட்சியின் வருகை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 1985இல் ராமானந்த் சாகரின் விக்ரம் அவுர் பேதாள் வந்தது. விக்ரமாக நடித்த அருண் கோவில் பின்னர் ராமாயணம் தொடரில் ராமராக நடித்தார். அம்புலிமாமாவில் அசையாமல் நின்ற காட்சி திரையில் அசைந்தது. மொழி இந்தியாக இருந்தபோதும் கதை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் தமிழ்ச் சிறுவர்களால் அதைப் பின்தொடர முடிந்தது.

1997 செப்டம்பரில் தொடங்கி 2005 வரை வந்த சக்திமான், இந்தியத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற மாய நாயகன். முகேஷ் கன்னா நடித்த இப்பாத்திரம், யோக ஆற்றலால் சக்தி பெற்றவர். சக்திமான் காப்பாற்றுவார் என நம்பிச் சிறுவர்கள் ஆபத்தான செயல்களில் இறங்குவதாகப் புகார்கள் எழுந்தன. அத்தியாயத்தின் முடிவில் நாயகனே சிறுவர்களுக்கு அறிவுரை சொல்லும் பகுதியும் இத்தொடரின் அடையாளமாக இருந்தது. இத்தகைய அச்சம் உலகின் பிற இடங்களிலும் எழுந்தது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் 1954இல் வெளியிட்ட நூல் காமிக்ஸ்களைக் கடுமையாகத் தாக்கியது. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். திகில் காமிக்ஸ்கள் அங்கே பெரும்பாலும் மறைந்தன.

மர்மதேசம்

தமிழில் அமானுஷ்யத் தொடர்களுக்கு அளவுகோலாக அமைந்தது மர்மதேசம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். 1990களின் நடுப்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரத் தொடராக வந்த 'ரகசியம்', சித்தர் மலையையும் நவபாஷாணத்தையும் சுற்றி நடப்பது. அடுத்து வந்த 'விடாது கருப்பு', இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலை அடிப்படையாகக் கொண்டது. இவ்வரிசையில் மேலும் சில கதைகள் வந்தன.

விடாது கருப்புவின் களம் தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமம். தவறு செய்பவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். குதிரையில் வருவது கருப்பசாமி என ஊர் நம்புகிறது. மனிதர் ஒருவரின் செயல் என்று படித்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். கதை இறுதியில் பிளவுபட்ட மனநிலை என்ற உளவியல் விளக்கத்தை முன்வைக்கிறது. ஆனால் நம்பிக்கை தோற்றுவிட்டதாக அது சொல்வதில்லை.

பல்கேரியாவில் பிறந்த பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஸ்வெதான் தொதரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், இவ்வகைக் கதைகளின் சாரம் ஐயநிலையில் இருப்பதாக விளக்கினார். நடப்பதற்கு இயற்கையான காரணம் உண்டா, இல்லையா என்று வாசகர் முடிவெடுக்க முடியாத இடமே அதன் களம். அமெரிக்காவில் ராட் செர்லிங் உருவாக்கிய டுவைலைட் ஸோன் (1959–1964) தொடர் பல அத்தியாயங்களில் இந்த ஐயத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டும் நிலைநிறுத்தியது. மர்மதேசம் அதை மாதக்கணக்கில் நீட்டித்தது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையே வீடுகளிலும் அலுவலகங்களிலும் நடந்த விவாதம் தொடரின் பகுதியாகவே ஆனது.

நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் இணைந்த சிதம்பர ரகசியம் (2004–2006), நாடி சோதிடத்தையும் தொடர் கொலைகளையும் இணைத்தது. இக்காலத்தில் சிறுவர்களுக்கெனச் சன் தொலைக்காட்சியில் மை டியர் பூதம் வந்தது. 2010களில் நாகினி, நந்தினி போன்ற தொடர்களில் ஐயநிலை மறைந்து, பாம்பும் பேயும் கதையின் வெளிப்படையான பாத்திரங்களாயின. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார்.

காவல் தெய்வமும் முகமூடி வீரனும்

கருப்பசாமி ஊர் எல்லையில் நிற்பவர். இரவில் குதிரையில் உலாவருபவர், அரிவாள் ஏந்தியவர், பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காதவர் என்பது மக்களின் நம்பிக்கை. அழகர்கோவிலின் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னிலையில் சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்ளும் மரபு புகழ்பெற்றது. இரவு உலா, அடையாளமான ஆயுதம், நீதி என்ற மூன்றும் முகமூடி வீரனிடமும் உள்ளன. குதிரை, நாய், காட்டுக்குள் மறைவிடம், சாவில்லை என்ற பேச்சு ஆகியவற்றைச் சேர்த்தால் வேதாளன் இன்னும் நெருங்கி வருகிறார்.

இருவருக்கும் இடையே அடிப்படையான வேறுபாடும் உண்டு. முகமூடி வீரன் தன் பெயரை மறைத்துக்கொள்ளும் தனிமனிதன். ஊருக்கு அவனிடம் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. காவல் தெய்வமோ ஊராருக்குச் சொந்தமானது. சாமியாடியின் உடலில் வந்து ஊரோடு பேசுகிறது. ஊர் அதனிடம் கேள்வி கேட்கிறது, கோபித்துக்கொள்கிறது, படையலும் போடுகிறது. விடாது கருப்பு இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்தது. தெய்வத்தின் பெயரால் தனிமனிதர் தண்டிக்கலாமா என்ற கேள்வியைக் கிராமத்து நம்பிக்கையை இழிவுபடுத்தாமல் எழுப்பியதே அத்தொடரின் சாதனை. அக்கேள்வி முகமூடி வீரர்கள் அனைவருக்கும் பொருந்தும். படக்கதைகள் பெரும்பாலும் அதைக் கேட்கவில்லை.

2023இல் வெளியான இரண்டு தமிழ்த் திரைப்படங்கள் இதே இணைப்பைத் தொட்டன. வீரன் படத்தில் மின்னல் தாக்கி ஆற்றல் பெற்ற இளைஞன், தன் கிராமத்தைக் காக்க ஊர்க்காவல் தெய்வத்தின் உருவத்தை ஏற்கிறான். மாவீரன் படத்தின் நாயகன் நாளிதழில் படக்கதை வரைபவன். தான் உருவாக்கிய வீரனின் கதையைச் சொல்லும் குரல் அவனுக்கே கேட்கத் தொடங்குகிறது. மின்சாரத்தால் ஆற்றல் பெறுபவனும் நாளிதழ்ப் படக்கதையும் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே அறிந்தவை.

விமர்சனமும் பாதுகாப்பும்

இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1962இலேயே சூப்பர்மேன் தொன்மத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். தமிழ்த் திறனாய்வு நெடுங்காலம் படக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கு எனவும், தொலைக்காட்சித் தொடர்களை அன்றாட நுகர்பொருள் எனவும் ஒதுக்கியது. அதனால் மதிப்புரையின் வேலையை வாசகர் கடிதங்களே செய்தன. எந்த நாயகன் தொடர வேண்டும், எந்த மொழிபெயர்ப்பு தடுமாறுகிறது, அச்சு எங்கே மங்கியது என்பன அங்கே விவாதிக்கப்பட்டன. லயன் இதழில் விஜயன் எழுதிய 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடர், பதிப்பாளர் தரப்பிலிருந்து கிடைக்கும் முக்கியமான வரலாற்றுப் பதிவு.

படக்கதைக்கான மதிப்புரை கதைச்சுருக்கத்துடன் நின்றுவிட இயலாது. ஓவியரின் கோடு, கட்டங்களின் ஓட்டம், மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த பேச்சுநடை, மூலத்தில் நீக்கப்பட்டவை ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும். தொடர்களுக்கோ ஒளிப்பதிவு, பின்னணி இசை, வார இடைவெளியைக் கதை பயன்படுத்திய விதம் ஆகியவை முக்கியம். அக்காலக் கதைகளில் ஆப்பிரிக்கர்களும் பழங்குடியினரும் சித்திரிக்கப்பட்ட விதமும் கேள்விக்குரியது. வெள்ளை வீரரை வணங்கும் காட்டுவாசிகள் வேதாளன் கதையின் அடித்தளமாகவே உள்ளனர். அன்பான நினைவு அதைப் பார்க்கத் தடையாக இருக்கக்கூடாது.

ராணி காமிக்ஸ் சுமார் 500 இதழ்களுக்குப் பின் 2005இல் நின்றது. அம்புலிமாமா 2010களின் தொடக்கத்தில் நின்றது. நலிவுற்றிருந்த லயன் – முத்து இதழ்கள் 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' மூலம் மீண்டன. பின்னர் வண்ணத்தில் ஐரோப்பியத் தொடர்களையும் வெளியிட்டன. 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது. மர்மதேசம் இணையத்தில் மீண்டும் கிடைத்ததால் புதிய தலைமுறை அதைப் பார்க்கிறது.

ஆனாலும் மலிவுத்தாளில் அச்சான படக்கதைகள் படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்கே போயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் உள்ளது. காகிதம் பழுப்பேறி உதிர்கிறது, சேகரித்தவர்களுக்கும் வயதாகிறது. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த ஒரகடம் பகுதியின் கார் தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் இன்று அன்றாடம் இயங்குகின்றன. மின்சாரத்தால் இயங்கும் இரும்புக்கையைத் தமிழ்ச் சிறுவர்கள் 1972இல் முதன்முதலில் எங்கே கண்டார்கள் என்பதை அறிய விரும்பும் மாணவருக்கு, அந்த முதல் இதழ் பொதுநூலகத்தில் கைக்கெட்ட வேண்டும். பட்டியலிடுதலும் மின்னாக்கமும் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் அதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது.